பழைய ஐரோப்பியப் பித்தளைக் கருவிகளோட உலோகக் கலவையை அளக்கணுமா? நான் பட்ட பாடு நீங்க படாம இருக்க

அஸ்ட்ரோலேப் (நட்சத்திரத்தையும் சூரியனையும் வெச்சு நேரம் கணக்குப் போடுற வட்டக் கருவி), சூரியக் கடிகாரம், குவாட்ரன்ட், தியோடலைட், மைக்ரோஸ்கோப்னு 16ஆம் நூற்றாண்டுல இருந்து 19 வரைக்கும் ஐரோப்பாவுல செஞ்ச பித்தளைக் கருவிகள்ல செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, கூட என்னென்ன கலந்திருக்குன்னு அளந்து தீசிஸ் எழுதணும்னு, இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தப்போ முடிவு பண்ணேன். ஒரு புள்ளியை அளக்க ஆகுறது ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் போய்ச் சேர எனக்கு ஏழு மாசம் ஆச்சு, அதுல பாதி என்ன பேப்பர் வேணும்னு தெரியாம போனது, மீதி தப்பா அளந்துட்டு மறுபடி அளக்கப் போனது. இது இப்போ ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன். உங்க கையிலயே ஏலத்துல வாங்கின ஒரு பழைய கருவி இருந்தாலும் மூணாவது படியைத் தவிர மத்ததெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

1. என்ன கேள்வின்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"இதுல என்ன இருக்குன்னு பாக்கணும்"னு மட்டும் மியூசியத்துக்கு எழுதினா பதிலே வராது. வந்தாலும் "எதுக்கு?"ன்னு ஒரு வரிதான் வரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

பித்தளைக் கலவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதுக்குச் சொல்லாதுன்னு புரிஞ்சுக்க ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸ்ல ஆவியாகிடும், ஆனா தாதுல இருந்து அதைப் பிரிக்கிறதுக்கே அதை விட அதிக சூடு வேணும், அதனால ஐரோப்பாக்காரங்களுக்கு ரொம்ப நாள் துத்தநாகம் தனி உலோகமா சுலபமா கைக்கு வரவே இல்ல. மூடின மூசைக்குள்ள செம்புத் துண்டு, காலமைன்கிற துத்தநாகக் கல்லோட பொடி, கரித்தூள் மூணையும் போட்டுச் சூடாக்கினா, உள்ளேயே துத்தநாகம் ஆவியாகி செம்புக்குள்ள ஊறும். இதுக்குப் பேர் சிமென்டேஷன். இந்த முறையில துத்தநாகம் ஏற ஒரு எல்லை இருக்கு, வழக்கமா 28 சதவீதம் பக்கம் நின்னுடும். 1723ல பிரிஸ்டல் பக்கம் நெஹமையா சாம்பியன் செம்பைத் தண்ணியில ஊத்தி குருணையா ஆக்கிப் போடுறதுக்குக் காப்புரிமை வாங்கினார், குருணைக்கு மேற்பரப்பு அதிகம்ங்கிறதால 33 வரைக்கும் ஏறுச்சு. 1738ல வில்லியம் சாம்பியன் துத்தநாகத்தை வடிச்சு எடுக்க காப்புரிமை வாங்கினார். 1781ல ஜேம்ஸ் எமர்சன், துத்தநாகத்தையும் செம்பையும் நேரா உருக்கிச் சேர்க்கிறதுக்கு வாங்கினார். அதுக்கப்புறம் துத்தநாகம் எவ்வளவு வேணும்னாலும் போடலாம்.

அப்போ "1560"ன்னு தேதி பொறிச்ச ஒரு கருவியில துத்தநாகம் 37 சதவீதம் வந்தா சந்தேகப்படணும். ஆசியாவுல இருந்து கப்பல்ல தனித் துத்தநாகம் 17ஆம் நூற்றாண்டுலயே ஐரோப்பாவுக்கு வந்துட்டு இருந்துச்சுங்கிறதால, அந்த நூற்றாண்டுக் கருவிக்கு கொஞ்சம் ஜாக்கிரதையா பேசணும், ஆனா 16ஆம் நூற்றாண்டு நூரெம்பர்க் கருவின்னு சொல்லிட்டு 37 வந்தா அது பெரிய கேள்விதான்.

இதுல நான் சறுக்கின இடம் என்னன்னா, துத்தநாகம் கம்மியா இருந்தா பழசுன்னு நெனச்சது. அப்படி இல்ல. பழைய பித்தளையை மறுபடி உருக்கினாலே துத்தநாகம் கொஞ்சம் ஆவியாகிப் போகும், அதனால 19ஆம் நூற்றாண்டு வார்ப்புலயும் கம்மியா வரலாம். போலி செய்யுறவனும் பழைய பித்தளைத் தட்டை எடுத்து வெட்டிச் செய்யலாம். அளவு ஒரு பொருளை "இது அந்தக் காலத்துது இல்ல"ன்னு தள்ளும். "அந்தக் காலத்துதுதான்"னு நிரூபிக்காது. இந்த ரெண்டு வரியை ஒரு பேப்பர்ல எழுதி டேபிள் மேல ஒட்டி வைங்க, நான் கடைசி அத்தியாயம் எழுதுறப்போதான் ஒட்டினேன், ரொம்ப லேட்.

துத்தநாகத்தோட நிக்காதீங்க, கூட வர்ற சின்னச் சின்ன உலோகங்கள்தான் பாதி கதை. ஈயம், வெள்ளீயம், இரும்பு, நிக்கல், ஆர்சனிக், ஆன்டிமணி, வெள்ளி இதெல்லாம் பழைய செம்புலயும் காலமைன்லயும் இருந்து கொஞ்சம் கொஞ்சம் வந்து சேரும். 1865ல எல்கிங்டன் மின்சாரத்தால செம்பைச் சுத்தம் பண்ண காப்புரிமை வாங்கின பிறகு இந்த அழுக்கெல்லாம் இல்லாத செம்பு சந்தைக்கு வர ஆரம்பிச்சுது. அதனால 16ஆம் நூற்றாண்டுன்னு சொல்ற பொருள்ல அழுக்கே இல்லாம சுத்தமா வந்தா, அது துத்தநாகத்தை விட பலமான சாட்சி. கலிபோர்னியாவுல 1936ல கிடைச்சதா சொன்ன "டிரேக்கோட பித்தளைத் தகடு" இப்படித்தான் மாட்டுச்சு. அது கருவி இல்ல, 1579ல ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் விட்டுட்டுப் போனதா சொன்ன தகடு. 1970கள்ல பெர்க்லியிலயும் ஆக்ஸ்ஃபோர்டுலயும் அளந்தப்போ துத்தநாகம் ரொம்ப அதிகம், கலப்படம் ரொம்பக் கம்மின்னு வந்து, புதுசுன்னு தெரிஞ்சுது. உங்க புரொபோசல்ல இந்த உதாரணத்தைப் போடுங்க, மியூசியக்காரங்களுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு உடனே புரியும்.

ஒரு எச்சரிக்கை. மேல சொன்ன எல்லை ஐரோப்பாவுக்கு மட்டும். 17ஆம் நூற்றாண்டு லாகூர் அஸ்ட்ரோலேப்கள்ல இந்த எல்லையைத் தாண்டின துத்தநாகம் இருக்குன்னு அளந்து காட்டியிருக்காங்க, ஏன்னா இந்தியாவுல, ராஜஸ்தான் ஜாவர்ல, துத்தநாகத்தை வடிச்சு எடுக்குற வேலை அதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு. லாகூர்ப் பொருளையும் நூரெம்பர்க் பொருளையும் ஒரே அளவுகோல்ல வெச்சுப் பார்த்தீங்கன்னா உண்மையான பொருளைப் போலின்னு சொல்லிடுவீங்க.

2. பொருளைத் தேர்ந்தெடுக்கிறது

ஆக்ஸ்ஃபோர்டு ஹிஸ்டரி ஆஃப் சயின்ஸ் மியூசியம், கேம்பிரிட்ஜ் விப்பிள் மியூசியம், கிரீன்விச் கடல்சார் மியூசியம், லண்டன் சயின்ஸ் மியூசியம், லைடன் போர்ஹாவே, ஃப்ளாரன்ஸ் மூசியோ கலிலியோ, நூரெம்பர்க் ஜெர்மானிய தேசிய மியூசியம், டிரெஸ்டன் கணித-இயற்பியல் சலோன்னு பெரிய சேகரிப்பு இருக்குற இடம் நெறைய. எல்லாத்துக்கும் ஆன்லைன் கேட்டலாக் இருக்கு. நேரா போய் "அஸ்ட்ரோலேப் பாக்கணும்"னு கேக்காதீங்க. கேட்டலாக்ல தேடி இன்வென்டரி நம்பர் எடுங்க, செஞ்சவர் பேர், பொறிச்ச தேதி, அளவு, இப்போ டிஸ்ப்ளேல இருக்கா ஸ்டோர்ல இருக்கான்னு பாருங்க.

டிஸ்ப்ளேல இருக்குறதைக் கேக்காம இருக்கிறது நல்லது. கண்ணாடிப் பெட்டியைத் திறக்க ரெண்டு பேர், திறக்குற நாள், சில இடத்துல அலாரம் கம்பெனிக்கு முன்கூட்டித் தகவல்னு இழுக்கும். ஸ்டோர்ல இருக்கிறதுன்னா டேபிளுக்கு எடுத்துட்டு வந்து வெச்சுடுவாங்க.

கையெழுத்தும் தேதியும் இருக்குற பொருளை முதல்ல எடுங்க, ஏன்னா அதுதான் உங்க அளவுகோல். நூரெம்பர்க் ஜார்ஜ் ஹார்ட்மான், லூவெய்ன் ஆர்செனியஸ் பட்டறை, லண்டன் ஹம்ஃப்ரி கோல், அப்புறம் 18ஆம் நூற்றாண்டு ஜெஸ்ஸி ராம்ஸ்டன், இப்படி. சந்தேகமான பொருளை மட்டும் அளந்துட்டு வந்தா அதை எதோட ஒப்பிடுவீங்க? நான் முதல் லிஸ்ட்ல 14 பொருள் கேட்டேன், எல்லாமே பேர் தெரியாதவங்க செஞ்சது. சூப்பர்வைசர் பார்த்துட்டு பாதியை அடிச்சுட்டு தேதி உள்ளதைப் போடச் சொன்னாங்க, அது இல்லேன்னா தீசிஸே நின்னிருக்காது.

ஒரு கருவிங்கிறது ஒரு உலோகம் இல்ல, இதை மறந்துடாதீங்க. அஸ்ட்ரோலேப்ல அடிப்பாகம், அதுக்குள்ள வர்ற தட்டுகள், மேல இருக்குற வலை மாதிரி ரீட், பின்னாடி சுத்துற, குறி பார்க்குற சட்டமான ஆலிடேட், நடு ஆணி, அதைப் பூட்டுற 'குதிரை'ங்கிற ஆப்புன்னு தனித்தனி. ஒண்ணு வார்ப்பா இருக்கும், ஒண்ணு அடிச்ச தகடா இருக்கும், ஆணி போன நூற்றாண்டுல மாத்தினதா இருக்கும். மைக்ரோஸ்கோப், டெலஸ்கோப்ல ஸ்க்ரூக்களைப் பத்தி சொல்லவே வேணாம். லிஸ்ட்ல பொருளை எழுதாதீங்க, பாகத்தை எழுதுங்க.

3. பேப்பர் வேலை (இங்கதான் எல்லாரும் மாட்டுறோம்)

அளக்க எடுத்துட்டுப் போறது கையில பிடிக்கிற எக்ஸ்.ஆர்.எஃப் மெஷின். பார்க்க டிரில் மெஷின் மாதிரி, ஒன்றரை ரெண்டு கிலோ இருக்கும். எக்ஸ்ரே அடிக்கும், உலோகம் திரும்ப அனுப்புற எக்ஸ்ரேயைப் படிச்சு எந்த உலோகம்னு சொல்லும், பொருளுக்கு ஒரு கீறலும் விழாது. ஆனா எக்ஸ்ரேங்கிற ஒரு வார்த்தைக்காக நெறைய பேப்பர் வேணும்.

முதல் தடவை நான் ஒரு மியூசியத்துக்கு மெஷினைத் தூக்கிட்டு ரயில் ஏறிப் போனேன், கியூரேட்டர் (சேகரிப்புக்குப் பொறுப்பானவர்) பொருளையெல்லாம் எடுத்து வெச்சிருந்தாங்க, ஆனா அந்த மியூசியத்தோட பாதுகாப்பு ஆளுக்கு ரேடியேஷன் பேப்பர் போகவே இல்ல, நான் கியூரேட்டருக்கு மட்டும் அனுப்பியிருந்தேன், கதவுலயே நிறுத்திட்டாங்க. அடுத்த தேதி கிடைக்க 9 வாரம் ஆச்சு. அதனால கீழ இருக்குறதை முதல் மெயில் போடுறதுக்கு முன்னாடியே ரெடி பண்ணி வைங்க:

- ஒரு பக்க புரொபோசல். என்ன கேள்வி, ஏன் இந்தப் பொருள், அளவு வந்தா என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக்கு மேல யாரும் படிக்கிறதில்ல.
- பொருள் லிஸ்ட், இன்வென்டரி நம்பரோட. ஒவ்வொரு பொருளோட போட்டோ மேலயும் எந்தப் புள்ளியில அளக்கப் போறீங்கன்னு சிவப்பு வட்டம். கன்சர்வேட்டர் (பொருள் கெடாம பராமரிக்கிறவர்) முதல்ல பார்க்குறது இதைத்தான், இது இருந்தா நீங்க யோசிச்சுட்டு வந்த ஆள்னு நம்பிக்கை வரும்.
- வேலை முறை பேப்பர். மெஷின் பொருள் மேல படுமா, நடுவுல என்ன வெப்பீங்க, பொருளை யார் தொடுவாங்க, ஒரு புள்ளிக்கு எவ்வளவு நேரம்.
- ரேடியேஷன் பேப்பர். பிரிட்டன்ல 2017 அயனியாக்கக் கதிர்வீச்சு விதிகள்படி மெஷின் வெச்சிருக்குற நிறுவனம் எச்.எஸ்.ஈங்கிற வேலையிடப் பாதுகாப்பு அரசு அமைப்பு கிட்ட பதிவு பண்ணியிருக்கணும், ஒரு ரேடியேஷன் அட்வைசர் கிட்ட ஆலோசனை வாங்கியிருக்கணும், ரேடியேஷன் சூப்பர்வைசர்னு ஒரு ஆள் இருக்கணும், எழுதி வெச்ச உள்ளூர் விதி இருக்கணும். உங்க யூனிவர்சிட்டிகிட்ட இதெல்லாம் ஏற்கனவே இருக்கும். ஆனா அது யூனிவர்சிட்டி லேபுக்கு எழுதினதா இருக்கும். மியூசியம் ரூமுக்குன்னு தனியா ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதணும், எவ்வளவு தூரத்துக்கு ஆள் வரக்கூடாது, கதவுல யார் நிப்பாங்க, சுவருக்கு அந்தப் பக்கம் யார் உக்காந்திருக்காங்க வரைக்கும்.
- யூனிவர்சிட்டியோட இன்ஷூரன்ஸ் சான்று. உங்க டிபார்ட்மென்ட்ல இருக்காது, ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கேக்கணும்.
- சூப்பர்வைசர் லெட்டர்.
- அளந்து வர்ற டேட்டாவையும் போட்டோவையும் எங்க போடலாம்னு ஒரு ஒப்பந்தம். இதைக் கடைசியில பேசலாம்னு விட்டேன், அப்புறம் தீசிஸ்ல போட்டோ போட லைசென்ஸ் கட்டணம்னு சொன்னாங்க. படிப்புக்கு மட்டும்னு முதல்லயே எழுதிக் கேட்டா பல இடத்துல கட்டணம் இல்லாமயே குடுப்பாங்க.

எல்லாத்தையும் கியூரேட்டர், கன்சர்வேட்டர், பாதுகாப்பு ஆள் மூணு பேருக்கும் ஒரே மெயில்ல போடுங்க. ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்பிடுவார்னு நம்பி உக்காராதீங்க.

வேற நாட்டுக்கு மெஷினை எடுத்துட்டுப் போறதா இருந்தா ரெண்டு தடவை யோசிங்க. பிரிட்டன் பேப்பர் ஜெர்மனியில செல்லாது, அங்க ரேடியேஷன் பாதுகாப்புல தகுதிச் சான்று உள்ள ஆள் பொறுப்பேத்துக்கணும், அந்த ஊர் அதிகாரிகளுக்குச் சொல்லணும். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் மெஷின் எல்லை தாண்டித் திரும்பி வர ஏ.டி.ஏ கார்னெட்ங்கிற பேப்பரும் வேணும், வர்த்தக சபை மூலமா எடுக்கணும், கட்டணம் போக ஒரு ஜாமீன் தொகையும் கட்டணும். இதுக்குப் பதிலா போற ஊர்லயே மெஷின் வெச்சிருக்குற ஒரு யூனிவர்சிட்டியையோ மியூசியம் லேபையோ பிடிச்சு அவங்க மெஷின்ல, அவங்க ஆளை வெச்சு அளக்கிறதுதான் சுலபம். ஸ்டாண்டர்ட் வட்டுகளை (அடுத்த படியில சொல்றேன்) மட்டும் நீங்க கொண்டு போங்க.

4. செலவு

மெஷினைச் சொந்தமா வாங்குறதைப் பத்தி யோசிக்கவே வேணாம், புதுசு இருபதாயிரம் பவுண்டுக்கு மேல. தொல்லியல், ஜியாலஜி, மெட்டீரியல்ஸ் டிபார்ட்மென்ட்ல போய்க் கேளுங்க, ஏதாவது ஒண்ணுல கண்டிப்பா இருக்கும், ஒரு நாள் டிரெய்னிங் முடிச்சா ஸ்டூடன்ட்டுக்கு இலவசமா குடுப்பாங்க. வெளியில வாடகைக்கு எடுத்தா வாரக் கணக்குலதான் குடுக்குறாங்க, சில நூறு பவுண்டுல ஆரம்பிக்கும், நீங்க ஒரு நாள் அளந்தாலும் ஒரு வார வாடகைதான். அதனால வாடகைன்னா ரெண்டு மியூசியத்தை ஒரே வாரத்துல வர்ற மாதிரி தேதி பேசுங்க.

ஸ்டாண்டர்ட்னு சொல்ற, கலவை ஏற்கனவே சான்றளிச்ச உலோக வட்டுகள் இல்லாம போகவே போகாதீங்க. பழைய செம்புக் கலவைகளுக்குன்னே பி.சி.ஆர் 691னு அஞ்சு வட்டு செட் இருக்கு, பெரிய லேப்கள்ல சார்ம்னு இன்னும் பெரிய செட் இருக்கும். இதையும் கடன் வாங்கலாம். தனியா ஒரு வட்டு வாங்கினாலே சில நூறு பவுண்ட். நான் சார்ம் செட்டை வேற யூனிவர்சிட்டியில இருந்து பத்து நாளைக்குக் கடன் வாங்கினேன், ஒரு நல்ல மெயில்தான் செலவு.

மியூசியம் சில இடத்துல ஆள் கூட இருக்குறதுக்குக் காசு கேப்பாங்க, ஸ்டூடன்ட்னா பெரும்பாலும் கேக்குறதில்ல. ரயில் டிக்கெட்தான் எனக்கு மொத்தத்துல பெரிய செலவு, தேதி மாறினா காசு திரும்ப வராத டிக்கெட் எடுத்தது என் தப்பு. மியூசியம் தேதி மாறும். மாத்திக்கிற மாதிரி டிக்கெட் எடுங்க.

துளை போட்டு சாம்பிள் எடுத்து லேப்ல கரைச்சுப் பார்த்தா இன்னும் துல்லியமா வரும், சில மில்லிகிராம் போதும். ஆனா கையெழுத்துள்ள 16ஆம் நூற்றாண்டுப் பொருள்ல துளை போட எந்த கன்சர்வேட்டரும் ஒத்துக்க மாட்டாங்க, ஒத்துக்கவும் கூடாதுன்னுதான் நானும் நெனக்கிறேன். கேட்டு அவங்க நம்பிக்கையைக் கெடுத்துக்காதீங்க.

5. கிளம்புறதுக்கு முன்னாடி மெஷினைப் பழகுங்க

மெஷினைத் தட்டினதும் "அலாய் மோட்"ல ஒரு நம்பரும் ஏதோ ஒரு நவீன பித்தளையோட கிரேடு பேரும் காட்டும். அந்த மோட் பழைய இரும்புக் கடைக்கு, ஃபேக்டரிக்குன்னு பண்ணது. பட்டியல்ல இருக்குற நவீன கலவைகள்ல எது பக்கமோ அதைச் சொல்லும், அதை நம்பி ஒரு வரிகூட எழுதாதீங்க. மொத்தத்தையும் இழுத்து 100 ஆக்கிக் காட்டுறதால நம்பர் பார்க்க ரொம்ப ஒழுங்காவும் இருக்கும், ஏமாந்துடுவோம்.

செய்ய வேண்டியது: அஞ்சாறு ஸ்டாண்டர்டை அளந்து, மெஷின் சொல்றதுக்கும் சான்றிதழ்ல இருக்குறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு உலோகம் உலோகமா எழுதி வைங்க. 40 கிலோவோல்ட்ல அளங்க, அதுக்குக் கம்மின்னா வெள்ளீயமும் ஆன்டிமணியும் சரியா தெரியாது. ஒரு புள்ளிக்கு 60ல இருந்து 120 செகண்ட் குடுங்க. மியூசியத்துல ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை அதே ஸ்டாண்டர்டை அளக்கணும், மெஷின் நடுவுல நகர்ந்துச்சான்னு தெரியும்.

6. அளக்குற நாள்

தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. நம்ம வீட்டுல பித்தளைச் சொம்புல களிம்பு பிடிச்சா புளி போட்டுத் தேய்ச்சுத்தான் பழக்கம், அந்தப் பழக்கம் இங்க கையை நீட்டும். மங்கலா இருக்கு, ஒரு துணியால துடைச்சா நல்லா வருமேன்னு தோணும். பாலிஷ் பண்ணா மேல இருக்குற பழைய பூச்சும் போச்சு, பொறிச்ச கோடும் தேயும், அதுக்கப்புறம் மியூசியத்துல உங்களை உள்ளேயே விட மாட்டாங்க.

நைட்ரைல் கையுறை, பொருள் வெக்க ஃபோம், மோதிரம் வாட்ச் கழட்டி வெக்கிறது, மெஷினை ஸ்டாண்டுல மாட்டுறது. கையில பிடிச்சுட்டு 120 செகண்ட் ஆடாம நிக்க முடியாது.

புள்ளி எடுக்குறதுல கவனமா இருங்க. மெஷின் பார்க்குறது மேல் தோலை மட்டும்தான், செம்பு துத்தநாகத்துக்கு சில பத்து மைக்ரான் ஆழம், ஒரு தலைமுடி தடிமன்கூட வராது. அந்தத் தோல்ல என்ன இருக்கோ அதுதான் நம்பர். தங்க முலாம் இருந்தா தங்கமும், பழைய முறை முலாம்னா பாதரசமும் வரும். 18, 19ஆம் நூற்றாண்டுக் கருவிகள்ல லாக்கர்ங்கிற வார்னிஷ் பூசியிருக்கும், டிகிரி கோடு போட்ட பாகத்துல வெள்ளிப் பூச்சு இருக்கும். வருஷக்கணக்கா காத்துலயும் ஈரத்துலயும் இருந்த மேற்பரப்புல துத்தநாகம் கரைஞ்சு போய் செம்பு மட்டும் தங்கி, நிஜத்தை விட துத்தநாகம் கம்மியா காட்டும். அதனால முன்பக்கம் மட்டும் அளக்காதீங்க, பின்பக்கம், உள்பக்கம், ரெண்டு தட்டு ஒட்டியே இருந்து காத்து படாத இடம்னு தேடுங்க. என் முதல் பொருள்ல முன்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் துத்தநாகம் ரொம்ப வித்தியாசமா வந்துச்சு, ரெண்டு வேற தகடுன்னு எழுதிட்டேன். ஒரே தகடுதான், ஒரு பக்கம் மட்டும் துத்தநாகத்தை இழந்திருந்துச்சு. கன்சர்வேட்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது.

ஒரு பாகத்துக்கு மூணு புள்ளி குறைஞ்சபட்சம். ஈயம் பித்தளையில கரையாது, குட்டிக் குட்டி உருண்டையா சிதறி நிக்கும், அதனால வார்ப்புப் பாகத்துல ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் ஈயம் எகிறும். பற்றவெச்ச இடத்துக்குப் பக்கத்துல போகாதீங்க, ஈயமும் வெள்ளீயமும் அங்க இருந்து வந்துடும். மெல்லிசான ரீட்டை அளக்குறப்போ அடியில வேற பித்தளைத் தட்டு இருந்தா ஓட்டை வழியா அதுவும் சேர்ந்து படிக்கும், பிரிச்சு ஃபோம் மேல தனியா வெச்சு அளங்க.

உலோகத்தோட சேர்த்து தடிமனையும் காலிப்பர்ல பத்து இடத்துல அளந்துடுங்க, கன்சர்வேட்டர்கிட்ட கேட்டுட்டு. சுத்தியால அடிச்ச தகடுன்னா இடத்துக்கு இடம் தடிமன் மாறும், மில்லுல உருட்டின தகடுன்னா எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒண்ணு. காசே செலவில்லாத சாட்சி இது, நெறைய பேர் இதை விட்டுடுறாங்க.

ஒரு நாளைக்கு நாலு பொருளுக்கு மேல பிளான் பண்ணாதீங்க. எடுத்து வெக்க, போட்டோ எடுக்க, பேச, திருப்பி வெக்கன்னு நேரம் போயிடும்.

7. நம்பரைப் படிக்கிறப்போ விழுற குழிகள்

ஒவ்வொரு உலோகமும் தனக்குன்னு உள்ள ஆற்றல்ல எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பும், மெஷின் வரையுற ஸ்பெக்ட்ரம்ங்கிற படத்துல அது ஒரு கோடா தெரியும். ஆர்சனிக்கோட முக்கியக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஈயத்தோடது 10.55. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு. ஈயம் உள்ள பித்தளையில மெஷின் ஆர்சனிக்னு ஒரு நம்பர் குடுத்தா அப்படியே நம்பாதீங்க, ஈயத்தோட இன்னொரு கோடு 12.61ல இருக்கு, அதை வெச்சு ஈயத்தைக் கணக்குப் பண்ணிட்டு மீதி இருந்தாத்தான் ஆர்சனிக். நான் ஒரு முழு டேபிளை ஆர்சனிக் அதிகம்னு போட்டு செமினார்ல காட்டிட்டேன், அத்தனையும் ஈயம். அந்த வாரம் ரொம்பக் கஷ்டமா போச்சு.

அதே மாதிரி துத்தநாகத்தோட ரெண்டாவது கோடு 9.57, தங்கத்தோட முதல் கோடு 9.71, பக்கத்துப் பக்கத்துல. முலாமே இல்லாத பித்தளையில மெஷின் கொஞ்சம் தங்கம்னு சொல்லும், சந்தோஷப்படாதீங்க. ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து கண்ணால பார்க்காம எந்த நம்பரையும் டேபிள்ல ஏத்தாதீங்க.

செம்பு 58, துத்தநாகம் 39, ஈயம் 3 பக்கம் வந்தா அது இன்னைக்கு லேத்துல கடையுற பித்தளை. ஒரு ஸ்க்ரூல மட்டும் வந்தா ரிப்பேர். உடம்பு முழுக்க வந்து, மேல 1600க்கு முந்தின தேதி பொறிச்சிருந்தா மறுபடி அளங்க, வேற இடத்துல அளங்க, அப்புறம் கியூரேட்டர்கிட்ட தனியா பேசுங்க.

8. எழுதுறதும் திருப்பிக் குடுக்குறதும்

"போலி"ங்கிற வார்த்தையை அளவை மட்டும் வெச்சு எழுதாதீங்க. "பொறிச்ச தேதியோட இந்தக் கலவை பொருந்தல" போதும். எழுத்து வெட்டு, வானியல் கணக்கு, தகடு செஞ்ச விதம், யார் கையில இருந்து வந்துச்சுங்கிறது எல்லாம் சேர்ந்துதான் முடிவு, அந்த முடிவைச் சொல்றது பெரும்பாலும் நம்ம வேலையும் இல்ல. 1950கள்லயே அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சொல்லா பிரைஸ் போலிக் கருவிகளைப் பத்தி எழுதினப்போ எக்ஸ்.ஆர்.எஃப் கையில இல்ல, பார்வையும் கணக்கும்தான் இருந்துச்சு.

வெளியில காட்டுறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டை மியூசியத்துக்கு அனுப்பி நாலு வாரமாவது டைம் குடுங்க. தனிப்பட்டவர் வீட்டுல இருக்குற பொருள்னா இன்னும் ஜாக்கிரதை, உங்க ஒரு வரி அதோட விலையையே மாத்திடும், எழுத்துல சம்மதம் வாங்கிட்டு ஆரம்பிங்க.

கால அளவு கேட்டா, நான் இப்போ மறுபடி பண்றதா இருந்தா இப்படிப் போடுவேன்: கேட்டலாக் தேடி லிஸ்ட் போட 3 வாரம், பேப்பர் எழுத 3 வாரம், மியூசியம் பதில் வந்து தேதி குடுக்க 2ல இருந்து 3 மாசம் (புது எக்ஸிபிஷன் திறக்கப் போற நேரம்னா இன்னும் அதிகம், அதை முதல் மெயில்லயே கேட்டுடுங்க), அந்தக் காத்திருக்கிற நேரத்துல மெஷின் பழக்கம், அளக்க ஒரு வாரம், ஸ்பெக்ட்ரம் பார்க்க ஒரு மாசம். மறுபடி ஒரு நாள் போய் அளக்க வேண்டி வரும், அந்த ரெண்டாவது தேதியையும் முதல் தேதி வாங்கும்போதே கேட்டு வாங்கிடுங்க. வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம். அளந்து முடிச்ச அன்னிக்கு சாயங்காலமே, ரயில் ஏறுறதுக்கு முன்னாடி, மெஷின்ல இருந்து மூல ஸ்பெக்ட்ரம் ஃபைல்களை எடுத்து புள்ளி நம்பரோட பேர் மாத்தி ரெண்டு இடத்துல சேவ் பண்ணுங்க, ஏன்னா வாடகை மெஷின் திரும்பப் போனதும் அடுத்த ஆளுக்காக மெமரியை அழிச்சுடுவாங்க.